வெயிலும் புழுக்கமும்: தண்ணீர்ப்பந்தல் மரபும் வெப்ப அலைக்கால அரவணைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடும் வெப்பக் காலத்தில் வழிநடப்போருக்கு நீரும் நிழலும் வழங்குவது தமிழரின் நெடுங்கால அறம். தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி ஆகியன அவ்வறத்தின் பருப்பொருள் வடிவங்கள். இவை வெயிலில் நடப்பவரை நோக்கி அமைந்தவை. இன்றைய வெப்ப அலைகளிலோ நலிவுறுவோரில் பெரும்பகுதியினர் வீட்டினுள் தனித்திருக்கும் முதியோர், நோயாளர், பணியிடத்தை விட்டு அகல இயலாத உழைப்பாளர் ஆகியோரே. வெயில், புழுக்கம் என்னும் இரு சொற்களின் பொருள் வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, வந்தவர்க்கு உதவும் பந்தல் மரபோடு தேடிச் சென்று உதவும் முறையும் இணைய வேண்டியதன் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெப்ப அலை, புழுக்கம், பாலை, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி, கலித்தொகை, முதியோர் நலம்.

முன்னுரை

வெப்ப அலை ஓசையின்றி வரும் பேரிடர். புயல் மரங்களைச் சாய்க்கிறது. வெள்ளம் தெருக்களை மூழ்கடிக்கிறது. அவற்றின் அழிவைக் கண்ணால் காண இயலும். வெப்பத்தால் நிகழும் இறப்போ பெரும்பாலும் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, முதுமை என்னும் பிற பெயர்களில் பதிவாகிறது. அதனால் அதன் முழு அளவும் நிகழும்போது தெரிவதில்லை. வழக்கமான ஆண்டுகளின் இறப்புகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும்போதே தெரியவருகிறது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்பது இவ்வாறு பின்னர்க் கணிக்கப்பட்டதே ஆகும். அக்கணிப்பின் பயனாக 2013ஆம் ஆண்டில் அந்நகரம் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. தெற்காசிய நகரங்களில் அத்தகைய முதல் திட்டம் அது.

தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலத்திற்கெனக் குறிப்பிட்ட பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும், தண்ணீர்ப்பந்தல் அமைக்கும் செலவைப் பேரிடர் நிதியிலிருந்து மேற்கொள்ளவும் அவ்வறிவிப்பு வழிசெய்தது. பழைய அறச்சொல் ஒன்று இவ்வாறு அரசு ஆணையின் சொல்லாக மாறியிருப்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது. அம்மரபு எவருக்காக உருவாயிற்று, இன்று எவரைச் சென்றடைகிறது, எவரை விட்டுவிடுகிறது என்னும் வினாக்கள் இதிலிருந்து எழுகின்றன.

1. வேனிலும் வெப்ப அலையும்

தமிழ் மரபு வேனிலை இளவேனில், முதுவேனில் என இரண்டாகப் பகுக்கும். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மக்கள் வழக்கில் அக்கினி நட்சத்திரம் என்றும் கத்திரி என்றும் அழைக்கப்படும் கடும் வெயில் நாட்கள் பெரும்பாலும் மே 4 தொடங்கி மே 28 வரை அமைகின்றன. மாதக் கணக்கின்படி இந்நாட்கள் இளவேனிலுக்குள் அடங்குவன. பெயரில் இளமை இருப்பினும் உழைப்பவர் உடல் உணரும் வெம்மை அக்காலத்தில் கடுமையானதே.

வெப்ப அலை என்பது காலப்பகுப்பன்று, அளவைக் குறியீடு. இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளியில் 40, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரி செல்சியஸ் ஆகியவற்றைத் தொடக்க வரம்புகளாகக் கொள்கிறது. அவ்வரம்பை எட்டியபின், வெப்பநிலை அந்நாளுக்குரிய இயல்பு அளவைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் வெப்ப அலை என்றும், 6.4 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் கடும் வெப்ப அலை என்றும் வகைப்படுத்துகிறது. கடற்கரைக்கு வரம்பு குறைவாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. சென்னையில் 37 டிகிரியும் உள்நாட்டு வறண்ட ஊர் ஒன்றில் 37 டிகிரியும் உடலுக்கு ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத் தமிழின் அன்றாடச் சொற்கள் தெளிவாகவே உணர்த்துகின்றன.

2. வெயில், அனல், புழுக்கம்

வெயில் என்பது கதிரவனிடமிருந்து நேரே வந்து விழுவது. அதற்கு நிழல் மாற்றாகும். அனல் என்பது வறண்ட காற்றோடு வந்து தாக்குவது. அதற்குத் தடுப்பும் நீரும் மாற்றாகும். புழுக்கம் இவ்விரண்டின் வேறானது. காற்றசைவின்றி ஈரமும் வெம்மையும் ஒருங்கே சூழ்ந்திருக்கும் நிலை அது. நிழலிலும் புழுங்கும், இரவிலும் புழுங்கும், கதவடைத்த அறையில் மிகுதியாகப் புழுங்கும்.

புழுங்குதல் என்னும் வினை ஈரத்தோடு கூடிய வெப்பத்தில் வேகுதலைக் குறிப்பது. நெல்லை நீரில் ஊறவைத்து ஆவியில் அவித்து உலர்த்திப் பெறுவது புழுங்கல் அரிசி. பொருநராற்றுப்படை வெந்த இறைச்சியைப் புழுக்கு என்னும் சொல்லால் சுட்டுகிறது. உள்ளத்தில் அடக்கிய துயரை மனப்புழுக்கம் என்கிறோம். வெளியேற வழியின்றி உள்ளேயே வெந்துகொண்டிருப்பது என்னும் கருத்து இவ்வழக்குகள் அனைத்திலும் பொதுவாக உள்ளது.

உடலியலும் இதனையே விளக்குகிறது. மனித உடல் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவும் காற்றோட்டத்தாலும் தொடுகையாலும் வியர்வை ஆவியாதலாலும் வெளியேற்றுகிறது. சுற்றுப்புற வெப்பநிலை தோலின் வெப்பநிலையாகிய ஏறத்தாழ 35 டிகிரியை எட்டியபின் முதல் மூன்று வழிகளும் பயனற்றுப் போகின்றன. எஞ்சுவது வியர்வை ஒன்றே. காற்றில் ஈரப்பதம் மிகும்போது வியர்வை வழிகிறதே அன்றி ஆவியாவதில்லை. எனவே உடல் குளிர்வதுமில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் இணைத்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் உடல்நலம் மிக்கவரும் சில மணி நேரத்திற்கு மேல் தாங்க இயலாது என்பது கோட்பாட்டு எல்லை. நலமுள்ள இளைஞரிடம் நடத்தப்பட்ட அண்மைக்கால ஆய்வுகள், உடல் தாங்கும் அளவு அதனினும் குறைவே எனக் காட்டுகின்றன. ஆவி வெளியேறாத கலத்தில் நெல் புழுங்குவது போலவே மனித உடலும் புழுங்குகிறது என்பது இங்கு வெறும் உவமையன்று.

முதுமையில் வியர்வைச் சுரப்புக் குறைகிறது. தாக உணர்வு மங்குகிறது. தோலுக்கு மிகுதியான குருதியை அனுப்ப இதயம் திணறுகிறது. உடலின் நீரை வெளியேற்றும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மருந்துகள், மனநல மருந்துகளில் சில ஆகியன வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலை மேலும் குறைக்கின்றன. குழந்தைகள், கருவுற்ற மகளிர், சிறுநீரக நோயாளர், படுக்கையில் இருப்போர், தம் நிலையைப் பிறருக்கு எடுத்துரைக்க இயலாதோர் ஆகியோரும் இவ்வாறே எளிதில் தாக்குண்பவர். இவர்களுள் பலர் வெயிலில் நடப்பவரல்லர், வீட்டினுள் புழுங்குபவர்.

3. தண்ணீர்ப்பந்தல்: அறமும் அமைப்பும்

தண்ணீர்ப்பந்தலின் இலக்கிய வடிவத்தைச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் வரலாறு நிறைவாகக் காட்டுகிறது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் மக்களுக்கும் தாம் செய்த அறங்களுக்கும் இட்டார். அவ்வூர் வழியே வந்த திருநாவுக்கரசர் தம் பெயர் தாங்கிய பந்தலைக் கண்டு வியந்தார் என்பது வரலாறு. பந்தல் அமைந்த இடத்தைச் சேக்கிழார் சொல்லும் முறை நோக்கத்தக்கது. அளவற்ற மக்கள் இடையறாது செல்லும் வழியின் கரையில் அது இருந்தது. வேனில் தரும் துன்பத்தைப் போக்கியது. நீர் நிறைந்த குளம் போலக் குளிர்ச்சி பரவிய இடமாக விளங்கியது. அதன் தண்மைக்கு அருளுடையார் உள்ளம் உவமையாயிற்று. இடம், நிழல், குளிர்ச்சி என்னும் மூன்றும் சேர்ந்ததே பந்தல். நீர்ப்பானை மட்டும் பந்தலாகாது என்பது இதனால் பெறப்படும். கொடுப்பவர் தம் பெயரைப் பொறிக்காமல் தாம் போற்றியவர் பெயரைப் பொறித்ததும் அறத்தின் இயல்பைக் காட்டும்.

கல்வெட்டுகள் இவ்வறத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றன. சோழர் காலக் கொடைகளில் தண்ணீர் இறைத்து ஊற்றுபவருக்கும் கலம் வனைந்து தருபவருக்கும் நெல் ஒதுக்கப்பட்ட செய்திகள் உண்டு. அறம் தொடங்கிய நாளோடு முடிந்துவிடாமல், அதனை நாள்தோறும் நடத்துபவரின் கூலியும் உடையும் பானைக்கு மாற்றும் முன்னரே திட்டமிடப்பட்டன. திறப்பு விழா நாளில் நிறைந்திருந்து அடுத்த வாரத்தில் வறண்டுபோகும் இக்காலப் பந்தல்களோடு இதனை ஒப்பிடலாம். பேரிடர் மேலாண்மை நூல்கள் இன்று பராமரிப்பு என வலியுறுத்துவதும் இதுவே.

சுமைதாங்கி இம்மரபின் மற்றொரு வடிவம். நிறுத்திய இரு கற்களின் மேல் கிடையாக ஒரு கல் வைத்து அமைத்த எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அது நின்றது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நிறுவும் வழக்கமும் இருந்தது. வெப்பத்தில் உழைப்பவருக்கு நீரளவே ஓய்வும் இன்றியமையாதது என்னும் அறிவு அக்கல்லில் உள்ளது. உழைக்கும் தசைகளே உடலினுள் வெப்பத்தை மிகுதியாக உண்டாக்குகின்றன. உழைப்பு நின்றாலன்றி அது தணியாது.

இம்மரபைப் போற்றுகையில் அதன் குறையையும் கூறுதல் ஆய்வுக்கு அழகு. நீர் வழங்கும் இடங்கள் எல்லார்க்கும் ஒருபோல் திறந்திருக்கவில்லை. பொதுக்கிணறும் பொதுக்குளமும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்ட வரலாறு இந்நாட்டுக்கு உண்டு. 1927ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் மகாத் நகரில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் பொதுக்குளத்து நீரைப் பருகியது ஒரு போராட்டமாகவே நிகழ வேண்டியிருந்தது. எனவே பந்தல் எங்கு அமைகிறது, அங்கு எவர் தயக்கமின்றி வந்து நீர் பருக இயலும் என்னும் வினாக்கள் இன்றும் கேட்கத்தக்கன.

4. பந்தலை வந்தடையாதோர்

பாலைத்திணைக்கு வேனிலும் நண்பகலும் பொழுதாகும் என்பது தொல்காப்பிய மரபு. பாலைப் பாடல்களில் வெம்மை சுரத்தில் உள்ளது. வழிச்செல்பவன் அதில் நலிகிறான். வீட்டில் இருப்பவள் அவனுக்காக வருந்துகிறாள். இடர் வழியிலும் காப்பு இல்லத்திலும் அமைந்த இலக்கிய உலகம் அது. தண்ணீர்ப்பந்தலும் அவ்வுலகக் காட்சிக்கு இயைந்தது. அது வழியில் நிற்கிறது, வருவோரை எதிர்பார்க்கிறது.

நகர வாழ்வில் இவ்வமைப்புத் தலைகீழாகும் நிலை உண்டு. தகரம் அல்லது கல்நார்க் கூரையின்கீழ் உள்ள ஓரறை வீடு பகலில் ஏற்ற வெம்மையை இரவிலும் உள்ளேயே வைத்திருக்கிறது. மொட்டைமாடியின் கீழ் அமைந்த மேல்தளமும் அவ்வாறே. தெருவில் காற்று வீசும் வேளையிலும் அறையில் புழுக்கம் நீங்குவதில்லை. இங்கு வீடே சுரமாகிறது.

இதன் கொடுமையை உலகுக்கு உணர்த்தியவை இரு நிகழ்வுகள். 1995 சூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஏற்பட்ட வெப்ப அலையால் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தனர். தனியே வாழ்ந்து, அடைத்த அறைகளில் இறந்துகிடந்த முதியோர் அவர்களுள் பலர். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் இதனை ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்டார். அடுத்தடுத்து அமைந்த வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்னும் இரு பகுதிகளை அவர் ஒப்பிட்டார். இரண்டும் வறுமை மிக்கவை; இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் இருந்தனர். ஆயினும் வடபகுதியின் இறப்பு வீதம் தென்பகுதியைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. கடைகள் மூடப்பட்டு, மனைகள் வெறிச்சோடிய வடபகுதியில் முதியோர் அச்சத்தால் வெளியே வரவில்லை. அவர்களை நாடி எவரும் செல்லவுமில்லை. கடைத்தெருவும் மக்கள் நடமாட்டமும் நிறைந்த தென்பகுதியில் முதியோர் வெளியே வந்தனர். வாராதவரை அக்கம்பக்கத்தார் கவனித்தனர். வெப்பம் ஒன்றாக இருக்க, அக்கம்பக்கத்து உறவே வாழ்வையும் சாவையும் வேறாக்கியது.

2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பேர் வெப்பத்தால் உயிரிழந்தனர், பெரும்பாலோர் முதியோர். பலருடைய குடும்பத்தார் கோடை விடுமுறைக்குச் சென்றிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அந்நாடு ஒரு திட்டம் வகுத்தது. தனித்து வாழும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் பெயரை ஊராட்சி அமைப்பிடம் பதிந்துவைக்கலாம். வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் பதிவேட்டில் உள்ளோரைத் தொலைபேசியில் அழைத்து நலம் வினவுவர். எளிதாகத் தோன்றும் இச்செயலின் அடிப்படை ஆழமானது. உதவி கேட்கும் நிலையில் இல்லாதவரிடம் உதவியே சென்று கேட்க வேண்டும் என்பதே அது.

5. கலித்தொகை காட்டும் துணைமை

தேடிச் செல்லும் இத்துணைமைக்கும் தமிழில் முன்மாதிரி உண்டு. அது பந்தலில் இல்லை. பாலைப் பாடலின் உள்ளேயே உள்ளது. பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய கலித்தொகைப் பாடல் ஒன்றில் (11), தலைவன் தான் செல்லவிருக்கும் காட்டின் கொடுமையைச் சொல்லும்போதே அங்குக் காணும் அன்புக் காட்சிகளையும் சொல்லியிருந்தான் எனத் தலைவி நினைவுகூர்ந்து, அவன் திரும்பி வருவான் எனத் தேறுகிறாள்.

அக்காட்சிகள் மூன்று. கன்று கலக்கிய சிறிதளவு நீரைக் களிறு முதலில் பிடிக்கு ஊட்டுகிறது. பின்னரே தான் உண்கிறது. வெம்மையால் சோர்ந்த பெடைக்கு ஆண்புறா தன் மெல்லிய சிறகால் விசிறி வருத்தம் தணிக்கிறது. நிழலின்றி வருந்தும் பிணைமானுக்குக் கலைமான் தன் உடலின் நிழலையே தருகிறது. நீர், காற்று, நிழல் என்னும் இம்மூன்றும் வெப்பத்தால் நலிந்த உடலுக்கு மருத்துவம் இன்றும் பரிந்துரைக்கும் மூன்றே ஆகும்.

இவற்றை வழங்கும் முறை பந்தலின் முறையினின்று வேறுபடுகிறது. இங்கு நலிந்தது நடந்து வரவில்லை, கேட்கவுமில்லை. அருகில் இருப்பது அதன் சோர்வைத் தானே கண்டுகொள்கிறது. நீர் மிகுதியாக இருந்தமையால் களிறு பகிரவில்லை, சிறிதளவே இருந்தது. எனவே முதலில் எவருக்கு என்னும் வினா எழுந்தது. பற்றாக்குறையின்போது மிக நலிந்தவருக்கே முதலுரிமை என்னும் நெறியை அக்காட்சி தருகிறது. காதற்சூழலில் பாடப்பட்ட பாடலைப் பொதுநலக் கொள்கையாகப் படிப்பது பாடலின் நோக்கமன்று எனலாம். ஆயினும் வெம்மையில் துணைமை எவ்வாறு இயங்கும் என்பதைப் புலவர் உற்றுநோக்கிய கூர்மை, பாடற்சூழலைக் கடந்தும் பொருந்துவதாகவே உள்ளது.

6. தேடிச் செல்லும் துணை: இன்றைய வடிவம்

இந்நெறியை நடைமுறைப்படுத்தப் புதிய அமைப்பு எதனையும் முதலிலிருந்து உருவாக்க வேண்டிய தேவை தமிழ்நாட்டில் இல்லை. 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீடுதோறும் கொண்டுசேர்க்கின்றனர். மருந்து பெறுவோர் பட்டியலே வெப்பத்தால் எளிதில் தாக்குண்போர் பட்டியலாகவும் பெருமளவு அமையும். கிராமச் சுகாதாரச் செவிலியர் கருவுற்ற மகளிரை அறிவார். அங்கன்வாடிப் பணியாளர் குழந்தைகளை அறிவார். மகளிர் சுயஉதவிக் குழுவினர் தெருவில் எவர் தனித்திருக்கிறார் என்பதை அறிவார். நியாயவிலைக் கடையில் வழக்கமாக வரும் முதியவர் இம்மாதம் வரவில்லை என்பது கடைப்பணியாளருக்குத் தெரியும். அறிந்தோர் பலர், அவர்கள் அறிந்தவை ஓரிடத்தில் சேர்வதில்லை. கத்திரி தொடங்குமுன் இவ்வறிவைத் தெருவாரியாகத் தொகுத்து, இன்னாரை இன்னார் காண்பார் எனப் பகிர்ந்துகொள்வதே முதற்பணி.

காணச் செல்பவர் செய்ய வேண்டுவன சிலவே. நலமா என்று வாசலில் நின்று கேட்டால் நலம் என்ற விடையே வரும். உள்ளே சென்று அறையின் புழுக்கத்தைத் தாமே உணர்தல் வேண்டும். குடத்தில் நீர் உள்ளதா, அது கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதா, காலை முதல் எத்தனை முறை சிறுநீர் கழித்தார், சிறுநீர் அடர்மஞ்சளாக உள்ளதா என்பவற்றை அறிதல் வேண்டும். தாகம் இல்லை என்று முதியவர் சொல்வதை நீர் தேவையில்லை என்று கொள்ளுதல் தவறு. நீர்மோர், உப்பிட்ட கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருதல் நன்று. கரைசலை வீட்டில் ஆக்குவதாயின் ஒரு லிட்டர் தூய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் அளவு. இதய நோய், சிறுநீரக நோய் உடையோர்க்கு நீரின் அளவையும் இளநீர், உப்பு ஆகியவற்றையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

காற்று குறித்தும் தெளிவு தேவை. அறையின் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் செல்லும்போது மின்விசிறி அனலையே உடல்மேல் வீசும் என உலக நலவாழ்வு அமைப்பு எச்சரிக்கிறது. அந்நிலையில் அவரைக் குளிர்ந்த பொது இடத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். அதற்குக் கீழாயின் ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறியை இயக்குதல் பயன்தரும். பகலில் வெயில் விழும் சன்னலை மறைத்தலும் இரவில் திறந்துவைத்தலும் செலவற்ற வழிகள். நூலகம், சமுதாயக்கூடம், பள்ளிக் கட்டடம் ஆகியன பகலில் ஒதுங்கும் இடங்களாகத் திறந்திருக்குமானால் அவையே புழுக்கத்திற்கு எதிரான பந்தல்களாகும். நடக்க இயலாதவரை அங்குக் கொண்டுசேர்க்கும் ஆட்டோ ஒன்றும் அப்பந்தலின் உறுப்பே.

உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, அறிவு தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். வண்டி வரும்வரை காத்திராமல் உடலை நீரால் நனைத்து விசிறுதலும் கழுத்து, அக்குள், தொடையிடுக்குகளில் குளிர்ந்த துணி அல்லது பனிக்கட்டி வைத்தலும் உயிர்காக்கும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

7. பணியிடத்துப் பாலை

பந்தலை வந்தடையாதோரில் மற்றொரு பிரிவினர் உழைப்பாளர். உப்பளம், செங்கற்சூளை, கட்டுமானத் தளம், தூய்மைப்பணி ஆகியவற்றில் உழைப்போருக்கு அருகிலேயே நீர் இருக்கலாம். ஆயினும் பருக இயல்வதில்லை. கூலி வேலையளவின்படி கணக்கிடப்படும்போது ஓய்வு என்பது இழப்பாகிறது. கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் சிறுநீர் கழிக்க நேருமே என அஞ்சி நீரருந்துவதையே தவிர்க்கின்றனர். சிறுநீர்த்தொற்றும் சிறுநீரகக் கேடும் இதன் விளைவுகள். இவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் என்பது பானை மட்டுமன்று. கழிப்பறையும், கூலி குறையாத ஓய்வும், நண்பகலைத் தவிர்த்த வேலைநேரமும் சேர்ந்தால்தான் அது நிறைவுறும்.

கடை ஊழியர் அமர இருக்கை அளித்தல் வேண்டும் என 2021இல் தமிழ்நாடு சட்டமியற்றியது. நாள்முழுதும் நிற்பவர் அமர்தலை உரிமையாக்கிய அச்சட்டத்தைச் சுமைதாங்கி மரபின் புதுவடிவமாகக் கருதலாம். அன்று சுமையை இறக்கும் உரிமையைக் கல் தந்தது. இன்று சட்டம் தருதல் வேண்டும். திறந்த வெளியில் உழைப்போருக்கும் அவ்வுரிமை விரிவடைதல் காலத்தின் தேவை.

8. எச்சரிக்கையின் மொழி

தமிழாய்வாளர் நேரே பங்களிக்கக்கூடிய களம் எச்சரிக்கையின் மொழி. ஆங்கில வழிப்பட்ட எச்சரிக்கைகள் வெயிலில் செல்லாதீர், வீட்டிலேயே இருங்கள் என்னும் இரு தொடர்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. குளிரூட்டிய வீடுள்ளவருக்கு இது பொருந்தும். தகரக் கூரையின்கீழ் வாழ்பவருக்கு இவ்வறிவுரை தீங்காகவும் முடியலாம். வெயிலைத் தவிர்த்த அவர் புழுக்கத்திடம் ஒப்படைக்கப்படுகிறார். எச்சரிக்கை புழுக்கம் என்னும் சொல்லையும் ஆளுமானால், வீட்டிலிருப்பவரும் தம்மைப் பற்றிய செய்தி அது என உணர்வர்.

கலைச்சொற்களிலும் கவனம் தேவை. கடும் வெப்பத்தால் உடல்வெப்பம் கட்டுமீறும் நிலையைச் சில இணையப் பக்கங்கள் வெப்பப் பக்கவாதம் என மொழிபெயர்க்கின்றன. பக்கவாதம் என்பது கைகால் செயலிழக்கும் வேறொரு நோய். இச்சொல்லைப் படிப்பவர் கைகால் இழுத்துக்கொள்ளுமோ எனப் பார்ப்பாரே அன்றி, உடற்சூட்டையும் அறிவுத் தடுமாற்றத்தையும் நோக்கமாட்டார். வெப்பத்தாக்கம் போன்ற நேரிய சொல் போதுமானது. மயக்கம், நாவறட்சி, நீர்க்கடுப்பு, கெண்டைக்கால் இழுப்பு என மக்கள் தம் உடலைப் பற்றிச் சொல்லும் சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து எச்சரிக்கைகளில் பயன்படுத்துதல் அகராதிப்பணி மட்டுமன்று, உயிர்காக்கும் பணியுமாகும்.

முடிவுரை

தண்ணீர்ப்பந்தல் தமிழ் மண்ணின் பெருமைக்குரிய அறம். அதன் உள்ளீடு கேட்காமலே கொடுத்தல்; பெயர் வினவாமல் கொடுத்தல்; நாள்தோறும் இடையறாது கொடுத்தல். இக்காலப் பந்தல்களும் இம்மூன்றாலேயே மதிப்பிடத்தக்கன. ஆயினும் பந்தலின் எல்லையையும் உணர்தல் வேண்டும். அது வெயிலுக்கு மாற்று, புழுக்கத்திற்கு மாற்றன்று. வருபவர்க்கு உதவுவது, வர இயலாதவரை அறியாதது.

வர இயலாதவர்க்குரிய நெறியைக் களிறும் புறவும் கலையும் இடம்பெறும் கலித்தொகைக் காட்சி தருகிறது. அருகிருப்பவர் கண்டுகொள்ளுதல், மிக நலிந்தவருக்கு முதலில் தருதல், தன்னிடம் உள்ளது தன் நிழலே எனினும் அதனைத் தருதல் என்பன அந்நெறியின் கூறுகள். தெருமுனையில் பந்தல் அமைப்பவர், அத்தெருவில் கதவடைத்துக் கிடக்கும் வீடுகளின் பட்டியலையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். பந்தலின் பானையிலிருந்து ஒரு செம்பு நீர் நாள்தோறும் அவ்வீடுகளுக்குள் செல்லுமானால் வெயிலுக்கெனப் பிறந்த மரபு புழுக்கத்திற்கும் மருந்தாகும்.